தூக்கம் வருவது மருந்தின் வலிமை அல்ல

மலேசியத் தமிழர் வீடுகளில் மருந்துக்கென்று ஓர் இடம் இருக்கும். பழைய மைலோ டப்பா, பிஸ்கட் டின், இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதைத் திறந்து பாருங்கள். கிளினிக்கில் கொடுத்த சிறிய பிளாஸ்டிக் பைகள் நான்கைந்து கிடைக்கும். அவற்றுள் ஒன்றில், பொட்டு அளவில், மஞ்சள் நிற மாத்திரைகள் சில இருக்கக்கூடும். பையின் மேல் எழுதியிருந்தது அழிந்து போயிருக்கும். "இது என்ன மாத்திரை?" என்று கேட்டால், சளி மாத்திரை என்பார் அம்மா. அரிப்பு மாத்திரை என்பார் பாட்டி. அண்ணனோ, "தூக்க மாத்திரைடா, ஒன்னு போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கலாம்" என்பார்.

மூவரும் சொல்வது ஒரே மாத்திரையைத்தான். அதன் பெயர் குளோர்ஃபெனிரமின். பிரிட்டோன் என்ற வணிகப் பெயரைச் சொன்னால் பலருக்கும் உடனே விளங்கும். ஒவ்வாமையைத் தணிக்கும் 'ஆன்டிஹிஸ்டமின்' மருந்துகளில் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது அது.

மாணவர்களே, அது கெட்ட மருந்து என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் பயன்பட்டு வரும் மருந்து அது. ஆனால் பள்ளிக்குப் போகும், தேர்வு எழுதும், மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் வயதில் உள்ள ஒருவர், தும்மலுக்கும் அரிப்புக்கும் முதலில் எடுக்க வேண்டிய மாத்திரை அது அல்ல என்பது என் கருத்து. பெயர் தெரியாத எந்த மாத்திரையையும் விழுங்கக் கூடாது என்பது அதைவிட அழுத்தமான கருத்து. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

காலையில் எழுந்ததும் ஏன் தும்மல்?

குளிர்நாடுகளில் வசந்த காலம் வந்தால் மகரந்தம் பறக்கும், மக்கள் தும்முவார்கள், காலம் முடிந்தால் தும்மலும் முடிந்துவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பம், ஆண்டு முழுவதும் ஈரப்பதம். மெத்தை, தலையணை, துணி சோபா, கம்பளம் எல்லாவற்றிலும் தூசிப்பூச்சிகள் சுகமாக வாழ்கின்றன. பூச்சி என்று சொன்னாலும் அவை பூச்சி இனம் அல்ல. எட்டுக்கால் உள்ளவை, சிலந்தியின் உறவு. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களே அவற்றின் உணவு. 'புளோமியா டிராபிக்காலிஸ்' என்னும் வகை, பெயருக்கு ஏற்ப, மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப மண்டல நாடுகளில் மிகுதி. இரவெல்லாம் அவற்றின் கழிவுத் துகள்களைச் சுவாசித்துக்கொண்டு படுத்திருக்கிறோம். விடிந்ததும் பத்துத் தும்மல் போடுபவர்கள் குளிர்ந்த நீரில் குளித்ததைக் குறை சொல்வார்கள். பல நேரங்களில் உண்மையான காரணம் தலையணைக்குள் இருக்கிறது.

இந்தத் துகள்கள் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வாமை உள்ளவரின் உடலோ அவற்றை எதிரி என்று தவறாக முடிவுகட்டி, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருக்கும். மூக்கின் உட்புறத்திலும் தோலிலும் கண் இமைக்குள்ளும் இருக்கும் மாஸ்ட் உயிரணுக்களின் மேல் அந்த எதிர்ப்பொருள்கள் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். துகள் வந்து பட்டதும் மாஸ்ட் உயிரணு தன்னுள் சேமித்து வைத்திருந்த ஹிஸ்டமினை வெளியே கொட்டுகிறது.

ஹிஸ்டமின் மிகச் சிறிய மூலக்கூறு. ஆனால் அது செய்யும் வேலை பெரிது. இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது, அதனால் சிவக்கிறது. குழாய்ச் சுவரில் கசிவை உண்டாக்குகிறது, அதனால் தடிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது. நரம்பு முனைகளைத் தூண்டுகிறது, அதனால் அரிக்கிறது, தும்மல் வருகிறது. இவை எல்லாம் எச்1 என்ற ஏற்பியில் ஹிஸ்டமின் போய் அமர்வதால் நடப்பவை. படிவம் 4 உயிரியலில் நொதிக்கு ஒரு பூட்டு-சாவி விளக்கம் படித்திருப்பீர்கள். அதையே இங்கும் நினைத்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டமின் சாவி, எச்1 ஏற்பி பூட்டு.

ஹிஸ்டமின் உடலில் என்ன செய்கிறது என்பதை 1910ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹென்றி டேல் ஆராய்ந்து வெளியிட்டார். அந்தப் பூட்டை அடைக்க முடியுமா என்று தேடியவர்கள் பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக் கழகத்தில் இருந்த டேனியல் போவெ, அன்-மரீ ஸ்டாப் என்ற இருவர். 1937இல் அவர்கள் கண்டுபிடித்த முதல் பொருள் மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மை கொண்டது. ஆனாலும் வழி திறந்துவிட்டது. 1940களில் மனிதருக்கு ஏற்ற மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போவெவுக்கு 1957இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை ஹிஸ்டமினை அழிப்பதில்லை. வெளியே கொட்டிய ஹிஸ்டமின் அப்படியேதான் இருக்கும். மாத்திரை செய்வது, பூட்டில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டு சாவியை நுழைய விடாமல் தடுப்பது. (ஏற்பியை ஓய்வு நிலையிலேயே நிறுத்தி வைக்கிறது என்பது இன்னும் துல்லியமான விளக்கம், பல்கலைக்கழகத்தில் மருந்தியல் எடுப்பவர்கள் அதைப் படிப்பீர்கள்.) எனவே கண் வீங்கி, மூக்கு சிவந்து, உடலெல்லாம் தடித்த பிறகு எடுக்கும் மாத்திரையைவிட, முன்னதாக எடுக்கும் மாத்திரை நன்றாக வேலை செய்யும். தீபாவளிக்கு வீட்டைத் தூசி தட்டப் போகிறீர்கள், தட்டினால் தும்மல் நிச்சயம் என்று தெரியும், மருத்துவரும் உங்களுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றால், அதைத் தூசி தட்டும் முன்பே போடுவதில் அறிவியல் இருக்கிறது.

மூளைக்குள் அதே பூட்டு

இனி நம் மஞ்சள் மாத்திரைக்கு வருவோம். ஹிஸ்டமின் ஒவ்வாமைக்கு மட்டும் உரிய பொருள் அல்ல. மூளையின் ஹைப்போதலமஸ் பகுதியில் உள்ள ஒரு நரம்பணுக் கூட்டம் ஹிஸ்டமினைச் சுரந்துதான் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. அங்கேயும் இருப்பது அதே எச்1 பூட்டு.

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்குழாய்களின் சுவர் மற்ற இடங்களில் இருப்பதைப் போன்றதல்ல. அணுக்கள் நெருக்கமாகப் பின்னி, தேவையற்ற பொருள்களை உள்ளே விடாமல் தடுக்கின்றன. இரத்த-மூளைத் தடுப்பு என்று இதற்குப் பெயர். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் போன்ற மூத்த தலைமுறை மருந்துகள் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. அந்தத் தடுப்பைக் கடந்து மூளைக்குள் போய் அங்கிருக்கும் பூட்டையும் அடைத்துவிடுகின்றன. விழிப்பு குறைகிறது, தூக்கம் வருகிறது.

பின்னால் வந்த செட்டிரிசின், லோரட்டடின், ஃபெக்சோஃபெனடின் ஆகியவை அந்தத் தடுப்பை எளிதில் கடப்பதில்லை. கொஞ்சம் நுழைந்தாலும், தடுப்புச் சுவரில் இருக்கும் ஒரு புரதம் அவற்றைப் பிடித்து மீண்டும் இரத்தத்துக்குள் தள்ளிவிடுகிறது. அதனால் மூக்கிலும் தோலிலும் பூட்டை அடைக்கும் வேலை நடக்கிறது. மூளை பெரும்பாலும் தப்பிக்கிறது.

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. தூக்கம் வந்தால்தான் மருந்து 'பிடித்திருக்கிறது' என்பார்கள். கிளினிக்கில் தூக்கம் வராத மாத்திரை கொடுத்தால், "டாக்டர் பவர் இல்லாத மருந்தைக் கொடுத்துவிட்டார்" என்று குறைப்படுவார்கள். மேலே சொன்னதைப் புரிந்துகொண்டவர்களுக்கு இது எவ்வளவு தவறு என்று தெரியும். தூக்கம் மூளையில் நடக்கும் விளைவு. மூக்கு ஒழுகுவது நிற்பது மூக்கில் நடக்கும் விளைவு. ஒன்று மற்றொன்றுக்கு அளவுகோல் ஆகாது. தூக்கம் வருவது, மருந்து தனக்கு வேலை இல்லாத இடத்துக்கும் போயிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது.

"எனக்குத் தூக்கமே வராது, நான் தாங்குவேன்" என்று சொல்லும் மாணவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒவ்வாமை உள்ள 40 ஓட்டுநர்களை, காரை ஓட்டுவது போலவே இருக்கும் பாவனைக் கருவியில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு நாள்களில் நான்கு முறை ஓட்டினார்கள்: ஒரு முறை டைஃபென்ஹைட்ரமின், ஒரு முறை ஃபெக்சோஃபெனடின், ஒரு முறை மது, ஒரு முறை மருந்தே இல்லாத போலி மாத்திரை. முன்னால் செல்லும் வாகனத்தைச் சீராகப் பின்தொடர்வதில் எல்லாரையும்விட மோசமாக இருந்தது டைஃபென்ஹைட்ரமின் எடுத்த நாளில்தான். மது அருந்திய நாளைவிட மோசம். ஃபெக்சோஃபெனடின் எடுத்த நாளும் போலி மாத்திரை எடுத்த நாளும் ஏறக்குறைய ஒன்று. இன்னொரு முடிவுதான் முக்கியமானது. எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்களே சொன்னதற்கும், அவர்கள் எவ்வளவு மோசமாக ஓட்டினார்கள் என்பதற்கும் நல்ல தொடர்பு இல்லை. தூக்கம் வரவில்லை என்று ஒருவர் நினைப்பதை நம்பி அவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஏற முடியாது. 16 வயதில் பி2 உரிமம் எடுத்துவிட்டு டியூஷனுக்கும் பாசார் மாலாமுக்கும் பறக்கும் பிள்ளைகள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

தேர்வுக்கும் ஓர் ஆய்வு உண்டு. பிரிட்டனில் 15 முதல் 17 வயது வரையிலான 1834 மாணவர்களைக் கொண்டு செய்து 2007இல் வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் எழுதிய முன்னோட்டத் தேர்வின் தரத்தையும், மகரந்தம் பறக்கும் கோடையில் எழுதிய இறுதித் தேர்வின் தரத்தையும் ஒப்பிட்டார்கள். தேர்வு நாளில் ஒவ்வாமைத் தொல்லை இருந்தவர்களுக்குத் தரம் இறங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தூக்கம் தரும் ஆன்டிஹிஸ்டமின் எடுத்திருந்தவர்களுக்கு அது 70 விழுக்காடு.

அறிவியல் மாணவர்கள் இங்கே உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும். தரம் இறங்கியது மாத்திரையாலா, அல்லது ஒவ்வாமை கடுமையாக இருந்தவர்கள்தாம் மாத்திரை எடுத்தார்களா? நியாயமான கேள்வி. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டும், காரணத்தை முழுமையாக நிறுவாது. ஆனாலும் பாவனைக் கருவி ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால், எஸ்பிஎம் தேர்வு நாள் காலையில் மஞ்சள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதே ஆய்வில் முதல் எண்ணையும் மறந்துவிடாதீர்கள். மாத்திரையே வேண்டாம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேர்வு எழுதுவதும் மதிப்பெண்ணைப் பாதிக்கக்கூடியதுதான். ஒவ்வாமைக்குச் சிகிச்சை வேண்டும். சரியான சிகிச்சை வேண்டும்.

"அப்படியானால் முந்தின இரவே போட்டுவிட்டுத் தூங்கினால்?" இதுவும் நல்ல யோசனை போலத் தெரியும். குளோர்ஃபெனிரமின் பெரியவர்களின் உடலில் பாதியளவு குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகக்கூடும். காலை ஏழரை மணிக்கு வகுப்பில் உட்காரும்போது அது இன்னும் உங்களுடன்தான் இருக்கிறது.

பெயரைப் படியுங்கள்

கேமரன் மலைக்குப் பள்ளிச் சுற்றுலா போவதாக வைத்துக்கொள்வோம். தாப்பாவிலிருந்து ஏறும் பாதை வளைந்து வளைந்து போகும். ஒரு மாணவிக்கு அன்று சளி. காலையில் வீட்டிலிருந்த 'ஃபுளு' மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். பேருந்தில் ஏறியதும் வாந்தி வராமல் இருக்கத் தோழி ஒரு மாத்திரை தருகிறார். மாலையில் குளிர்க்காற்று பட்டுக் கை அரிக்கிறது. இன்னொரு தோழியிடம் அலர்ஜி மாத்திரை இருக்கிறது. மூன்று வெவ்வேறு தொல்லைக்கு மூன்று வெவ்வேறு மருந்து எடுத்ததாக அவர் நினைக்கிறார்.

பல சளி மாத்திரைகளில் காய்ச்சலுக்கான பாராசிட்டமோலுடன் குளோர்ஃபெனிரமின் சேர்ந்திருக்கிறது. பயண வாந்திக்குக் கொடுக்கும் டைமென்ஹைட்ரினேட் என்பது டைஃபென்ஹைட்ரமினை உள்ளடக்கிய பொருள். மூன்றாவது மாத்திரை மீண்டும் குளோர்ஃபெனிரமினாக இருக்கலாம். ஆக, அந்த மாணவி ஒரே வகை மருந்தை மூன்று முறை எடுத்திருக்கிறார். இருமல் மருந்துகள் சிலவற்றிலும் டைஃபென்ஹைட்ரமின் அல்லது புரோமெத்தசின் இருப்பதுண்டு. வாய் உலர்ந்து, கண் மங்கி, நெஞ்சு படபடத்து, பேச்சுக் குழறி அவர் பேருந்தில் சாய்ந்து கிடந்தால், மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதனால்தான் பெயரைப் படிக்கச் சொல்கிறேன். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை அல்ல. அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பொருளின் பெயரை. வணிகப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஒவ்வாமைக்கு இங்கே நீங்கள் அடிக்கடி பார்க்கக்கூடிய மருந்துப் பொருள்கள் பத்துக்குள் அடங்கிவிடும். வேதியியலில் தனிம அட்டவணையையே நினைவில் வைத்திருக்கும் உங்களுக்கு இது சிரமமே இல்லை. குளோர்ஃபெனிரமின் சில பெட்டிகளில் குளோர்ஃபெனமின் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள் வேறு பல நோய்களுக்கும் உண்டு. பெயர் அழிந்த பைகளில் இருப்பவற்றை யாரும் எடுக்காமல் அரசு மருத்துவமனை அல்லது சுகாதார கிளினிக்கின் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

12 வயதைத் தாண்டிய, வேறு நோய் இல்லாத ஒருவருக்கு வழக்கமான அளவு செட்டிரிசின் 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று. லோரட்டடினும் 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று. சிறுநீரகம் அல்லது கல்லீரலில் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். ஒன்று போதவில்லை என்றால் இன்னொன்றை நீங்களாகச் சேர்க்கக் கூடாது. மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ திரும்பிப் போக வேண்டும். செட்டிரிசின் 'தூக்கம் வராத' மருந்து என்று பெயர் வாங்கியிருந்தாலும், சிலருக்குக் கொஞ்சம் தூக்கத்தைத் தரும். ஆகவே எந்தப் புதிய மாத்திரையையும் முதல் முறையாகத் தேர்வு நாளில் போட்டுப் பார்க்காதீர்கள். சனிக்கிழமை வீட்டில் இருக்கும்போது பாருங்கள்.

ஃபெக்சோஃபெனடின் கொடுத்திருந்தால் வெறும் தண்ணீருடன் எடுங்கள். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃபுரூட் சாறுகள் குடலில் அந்த மருந்தை உள்ளே கொண்டுபோகும் புரதத்தைத் தடுப்பதால், மருந்தின் பெரும் பகுதி உடலில் சேராமலேயே போய்விடும். இந்த மருந்துக்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. டெர்ஃபெனடின் என்ற மருந்து 1980களில் தூக்கம் தராத அதிசய மருந்தாகக் கொண்டாடப்பட்டது. பிறகு, சில பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளுடனும் எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியுடனும் அதைச் சேர்த்து எடுத்தவர்களுக்கு இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறாவது தெரியவந்தது. டெர்ஃபெனடினைக் கல்லீரல் வேறு பொருளாக மாற்ற வேண்டும். அந்த மருந்துகள் அதைத் தடுத்துவிட்டன. 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது வெளியேறியது. கல்லீரல் மாற்றித் தரும் அந்த 'வேறு பொருள்'தான் ஃபெக்சோஃபெனடின். ஒவ்வாமையைத் தணித்தது அது. இதயத்தைத் தொந்தரவு செய்தது அதன் தாய்ப்பொருள். நீங்கள் வேறு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதை மருந்தாளரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

மாத்திரையால் ஆகாதவை

மூக்கு ஒழுகல், தும்மல், அரிப்பு, கண்ணில் நீர் வடிதல், தோல் தடிப்பு ஆகியவற்றை ஆன்டிஹிஸ்டமின் நன்றாகத் தணிக்கும். மூக்கடைப்பை அவ்வளவாகத் தணிக்காது. மாதக்கணக்கில் மூக்கடைத்து, வாயால் மூச்சுவிட்டுத் தூங்குபவர்களுக்கு, மருத்துவர் பரிந்துரைக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே பெரும்பாலும் மாத்திரையைவிட நல்ல பலன் தரும். அதை மாத்திரை போல ஒரு நாள் அடித்துவிட்டுப் பலனில்லை என்று தூக்கிப் போடக் கூடாது. ஒழுங்காகச் சில வாரங்கள் பயன்படுத்த வேண்டும். மெத்தை விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவதற்கு எந்த மருந்தகமும் பணம் கேட்பதில்லை.

புகைமூட்டக் காலத்தில் தொண்டை எரிந்து கண் உறுத்தினால் அதற்கும் அலர்ஜி மாத்திரை கேட்பவர்கள் இருக்கிறார்கள். புகைத்துகள் நேரடியாகவே எரிச்சல் மூட்டுவது. மாத்திரை போட்டுக்கொண்டு திடலில் ஓடினால் நுரையீரலுக்குள் போகும் துகள் குறையாது. ஆஸ்துமா இழுப்புக்கும் இந்த மாத்திரை மருந்து அல்ல, இன்ஹேலரை எடுங்கள்.

எல்லாவற்றிலும் கவனமாகப் படிக்க வேண்டியது இனிமேல் வருவது. இறால், நண்டு, நிலக்கடலை, தேனீக் கொட்டு, ஏதாவது ஒரு மருந்து, இவற்றில் ஒன்று பட்ட சிறிது நேரத்தில் ஒருவருக்கு உதடும் நாக்கும் வீங்குகின்றன, குரல் கம்முகிறது, மூச்சு இழுக்கிறது, தலை சுற்றி விழப் பார்க்கிறார் என்றால், அது சாதாரண ஒவ்வாமை அல்ல. அனஃபிலாக்சிஸ் என்ற உயிர் ஆபத்து. அப்போது "அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், குறைகிறதா பார்ப்போம்" என்று காத்திருக்கக் கூடாது. விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து வேலை தொடங்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். தொடங்கினாலும், அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்கவோ வீழும் இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தவோ அதற்கு ஆற்றல் இல்லை. ஏற்கெனவே கொட்டிவிட்ட பல இரசாயனங்களில் ஹிஸ்டமின் ஒன்றுதான். அந்த நேரத்துக்கான மருந்து அட்ரினலின் ஊசி. நோயாளியிடம் தானே குத்திக்கொள்ளும் பேனா ஊசி இருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே குத்த வேண்டும். 999ஐ அழையுங்கள். அவரை எழுந்து நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்கார விடுங்கள். பள்ளி உணவகத்தில் நடந்தால் முதலில் ஓடிப்போய் ஆசிரியரை அழைத்து வருபவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

தூக்க மாத்திரையும் அல்ல

தேர்வு நெருங்கும்போது தூக்கம் வரவில்லை என்று மஞ்சள் மாத்திரையைத் தேடும் பழக்கம் சில மாணவர்களிடம் இருக்கிறது. வேண்டாம். தூக்கம் தரும் அந்த விளைவு, தொடர்ந்து எடுத்தால் சில நாள்களிலேயே மங்கத் தொடங்கும். அப்போது ஒன்று இரண்டாகும். அளவு மீறிய மூத்த தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள் வலிப்பையும், மனக்குழப்பத்தையும், இதயத் துடிப்புக் கோளாறையும் உண்டாக்கக்கூடியவை, உயிரையும் பறிக்கக்கூடியவை. டைஃபென்ஹைட்ரமினை வேண்டுமென்றே அதிகமாக விழுங்கிய பதின்ம வயதினர் மருத்துவமனைக்குப் போனதாகவும் இறந்ததாகவும் வந்த செய்திகளைத் தொடர்ந்து, 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. கடையில் கிடைக்கும் மருந்துதானே என்ற அலட்சியம் ஆபத்தானது.

வீட்டில் சிறியவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது இன்னும் பொருந்தும். தம்பி பாப்பா அழாமல் தூங்கட்டும் என்று அலர்ஜி மருந்து கொடுப்பது சில வீடுகளில் நடக்கிறது. குழந்தையின் மூச்சையே அது மந்தமாக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்டவருக்கு மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டும் கூடாது. தாத்தாவுக்கு அரிக்கிறது என்று உங்கள் மாத்திரையை நீட்டாதீர்கள். மூத்த தலைமுறை மருந்துகள் அசெட்டைல்கோலின் என்ற சாவிக்குரிய இன்னொரு பூட்டையும் அடைப்பவை. புரோஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், ஒருவகைக் கண் அழுத்த நோய் மோசமாகலாம், இரவில் கழிவறைக்குப் போகும்போது தடுமாறி விழலாம்.

மலேசியச் சட்டப்படி ஆன்டிஹிஸ்டமின்கள் 'சி' பிரிவு மருந்துகள். கிளினிக்கில் மருத்துவர் வழியாகவோ, மருந்தகத்தில் மருந்தாளர் வழியாகவோதான் வாங்க வேண்டும். மளிகைக் கடையிலும் இரவுச் சந்தையிலும் விற்க அனுமதி இல்லை. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'முழுக்க முழுக்க மூலிகை, அரிப்புக்கும் உடல்வலிக்கும் உடனடி நிவாரணம்' என்று விற்கப்படும் பொருள்கள் சிலவற்றில் குளோர்ஃபெனிரமினும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை அதிகாரிகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். உடனடி நிவாரணம் கிடைக்காமல் என்ன செய்யும்?

மருந்தாளர் வெறும் விற்பனையாளர் அல்லர். நான்கு ஆண்டுகள் மருந்தியல் படித்தவர். அவரிடம் பேசக் கூச்சப்படாதீர்கள். உங்கள் வயது, மற்ற மருந்துகள், ஆஸ்துமா உண்டா, மறுநாள் தேர்வா, மோட்டார் ஓட்டுவீர்களா என்பதைச் சொல்லி, "தூக்கம் தராதது எது?" என்று கேளுங்கள். வாங்கிய பையின் மேல் பெயரும் அளவும் தேதியும் எழுதச் சொல்லுங்கள்.

மாதத்தில் பாதி நாள் மாத்திரை தேவைப்படுகிறது என்றால், எதனால் ஒவ்வாமை என்று கண்டுபிடிக்க மருத்துவர் தோல் குத்துச் சோதனைக்கு அனுப்பலாம். முன்கையில் தூசிப்பூச்சி, பூனை முடி, கரப்பான் போன்றவற்றின் சாற்றைச் சொட்டு சொட்டாக வைத்து, ஊசி முனையால் இலேசாகக் குத்துவார்கள். எது ஒவ்வாதோ அந்த இடம் கொசு கடித்ததுபோல் கால் மணி நேரத்தில் தடிக்கும். தடிக்க வைப்பது ஹிஸ்டமின். ஆன்டிஹிஸ்டமின் எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் தடிக்காது, சோதனை வீணாகிவிடும். அதற்குச் சில நாள்கள் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும். எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு என்பதைச் சோதனைக்கு நாள் குறிக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.